ஜாட்டோபெக் பெயரே இல்லாத ‘இன்டர்நேஷனல்’ கிராஸ் கன்ட்ரி

கேள்வி, 2 மார்ச்

‘இன்டர்நேஷனல்’ என்கிற கிராஸ் கன்ட்ரி (வயல், மேடு, சேறு வழியாக ஓடும் நீண்டதூர ஓட்டம்) போட்டியில் 1946 முதல் 1957 வரை வென்றவர்கள் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. புஜாசோன், டோம்ஸ், மிமூன், தெய்ஸ், சாண்டர்ஸ், மிஹாலிச், சாண்டோ. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாட்டோபெக்கைக் காணவே காணோம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000 மீட்டர், 10000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கிய மனிதர் இல்லாத பட்டியலுக்கு எதற்கு இன்டர்நேஷனல் என்று பெயர்? இதெல்லாம் ஊர்த் திருவிழா ஓட்டப்பந்தயம் மாதிரிதானே?

2 மார்ச், இரவு

திருவிழா ஓட்டம் என்று சொன்னதால்தான் எழுதவே உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் படித்துவிட்டுப் போயிருப்பேன்.

1903ல் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் தொடங்கிய போட்டி இது. முதலில் நான்கே அணிகள்: இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து. பிரான்ஸ் 1907ல் வந்தது. அதற்கப்புறம் பெல்ஜியம், ஸ்பெயின் என்று மெதுவாக விரிந்தது. ஜாட்டோபெக் ஓடிய காலத்தில் செக்கோஸ்லோவாக்கியா இதில் இல்லை. சோவியத் யூனியனும் இல்லை. இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் இருந்து யாரும் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அவர் தோற்றதால் பெயர் விடுபடவில்லை.

3 மார்ச், காலை

ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் பெரிய ஓட்டை. கேள்வி கேட்டவர் கொடுத்த பட்டியலிலேயே மிஹாலிச் இருக்கிறார்! பிரான்யோ மிஹாலிச், யூகோஸ்லாவியா. 1953ல் பாரிஸில் முதலிடம். கம்யூனிஸ்ட் நாட்டுக்காரர்தான். ஆனால் அந்த நாட்டுத் தலைவர் டிட்டோ 1948லேயே சோவியத்தின் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டுவிட்டார். ஆகவே “இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் யாரும் வரவில்லை” என்பதை, “மாஸ்கோவின் சொல்லைக் கேட்ட நாடுகள் வரவில்லை” என்று மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

3 மார்ச், மதியம்

எல்லோரும் ஜாட்டோபெக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் போட்டியின் உயிர் தனிநபர் பட்டத்தில் இல்லை. அணிக் கணக்கில் இருக்கிறது.

ஒரு நாட்டுக்கு ஒன்பது பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஆறு பேர் பிடித்த இடங்களைக் கூட்ட வேண்டும். குறைந்த கூட்டுத்தொகை எந்த அணிக்கோ கோப்பை அதற்கு. ஆறு பேரும் முதல் ஆறு இடத்தைப் பிடித்தால் 1+2+3+4+5+6, அதாவது 21. அதற்குக் கீழே போகவே முடியாது. இப்போது உங்கள் அணியில் ஒருவர் முதலிடம், அடுத்தவர் மூன்று, மற்றவர்கள் பத்து, பதினைந்து, இருபது என்று வந்துவிட்டார்கள், ஆறாவது ஆள் மட்டும் அறுபதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். போச்சு. முதலிடம் பிடித்தவர் தோளில் தூக்கிச் சுமந்ததை எல்லாம் ஆறாவது ஆள் ஒருவர் கீழே போட்டுவிடுவார். ஒன்பது மைல் தூரம், அதாவது ஏறக்குறைய பதினாலரை கிலோமீட்டர். கொட்டும் மழை, கணுக்கால் புதையும் சேறு. அதில் 43வது இடத்துக்கும் 44வது இடத்துக்கும் இரண்டு பேர் உயிரை விட்டு ஓடுவதைப் பார்க்கிறவனுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரியும். ஓடியவனுக்குத்தான் தெரியும்.

நானும் அப்படி ஓடிய ஆள்தான். கல்லூரிகளுக்கு இடையே நடந்த கிராஸ் கன்ட்ரி. அது ஆகி முப்பது வருஷத்துக்கு அருகில் இருக்கும். எங்கள் போட்டியில் ஆறு பேர் ஓடலாம், முதல் நால்வர் கணக்கு. நான் எங்கள் அணியின் நான்காவது ஆள். வற்றிய ஏரிக்குள் இறங்கி, கரையேறி, வரப்பு வழியாக வந்து, திரும்பும் இடத்தில் கையில் ரப்பர் பேண்டு மாட்டிவிடுவார்கள். அது இல்லாமல் வந்தால் குறுக்குவழியில் வந்தவன் என்று அர்த்தம். கடைசி முந்நூறு மீட்டர் இருக்கும்போது சீமைக்கருவேல முள் ஒன்று கேன்வாஸ் ஷூவைத் துளைத்து ஏறிவிட்டது. நொண்டினேன். ஒருவன் தாண்டிப் போனான். ஒரே ஒரு புள்ளியில் கோப்பை போனது. எங்களுக்கு 58, அவர்களுக்கு 57.

3 மார்ச், இரவு

கீழே ஒருவர், “ஒருத்தர் தாண்டியதால் ஒரு புள்ளி போயிருந்தால் சமன்தானே ஆகியிருக்கும்?” என்று கேட்டிருக்கிறார். இல்லை சார். தாண்டியவன் அந்த எதிரணியின் நான்காவது ஆள். அவன் தாண்டினால் எனக்கு ஒன்று கூடும், அவனுக்கு ஒன்று குறையும். வித்தியாசம் இரண்டு. அவனை விடாமல் இருந்திருந்தால் எங்களுக்கு 57, அவர்களுக்கு 58. இந்தக் கணக்கை நான் எத்தனை ராத்திரி போட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

5 மார்ச்

சரி, மிமூனுக்கு வருவோம். அவரைப் பற்றி எழுதாமல் இந்த இழையை மூடினால் பாவம்.

அலன் மிமூன் 1921ல் அல்ஜீரியாவில் பிறந்தவர். அன்று அது பிரான்ஸின் பிடியில் இருந்த நாடு. இரண்டாம் உலகப்போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1944ல் இத்தாலியின் மோன்டே கசினோ சண்டையில் காலில் அடிபட்டார். காலை எடுத்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போயிருக்கிறது. அந்தக் காலோடுதான் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 10000 மீட்டர் வெள்ளி, 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000 இரண்டிலும் வெள்ளி. மூன்று முறையும் முன்னால் போனவர் ஜாட்டோபெக். நடுவில் 1950 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலும் இரண்டு வெள்ளி, அங்கேயும் முன்னால் அதே முதுகு. மனிதருக்கு அந்த முதுகின் ஒவ்வொரு மடிப்பும் மனப்பாடமாகியிருக்கும்.

ஆனால் மார்ச் மாதச் சேற்றில் மிமூன் ராஜா. இன்டர்நேஷனலை 1949 டப்ளின், 1952 ஹாமில்டன், 1954 பர்மிங்காம் என்று மூன்று முறை ஜெயித்தார்.

கேள்வி கேட்டவருக்கு இப்போது ஒரு வாதம் கிடைத்துவிடும்: “ஜாட்டோபெக் வராததால்தான் மிமூன் ஜெயித்தார்.” இருக்கலாம். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை, நிரூபிக்க உங்களிடமும் இல்லை.

5 மார்ச், சற்று நேரம் கழித்து

நான்கு முறை. 1956 பெல்பாஸ்ட்டை விட்டுவிட்டேன். விடக்கூடாத வருஷத்தை விட்டிருக்கிறேன். அந்த வருஷம் மார்ச்சில் 35 வயதில் பெல்பாஸ்ட், டிசம்பர் 1ல் மெல்பர்ன் ஒலிம்பிக் மாரத்தான். அதற்கு முந்தைய நாள்தான் மகள் பிறந்த செய்தி வந்தது. பெயர் ஒலிம்ப். செஸ்ட் நம்பர் 13. தங்கம்.

எல்லோருக்கும் தெரிந்த காட்சி அதற்குப் பிறகுதான். குடலிறக்க அறுவை சிகிச்சை முடித்து வந்த ஜாட்டோபெக் ஆறாவதாக வந்தார். ஜெயித்த மிமூன் கோட்டருகே அவருக்காகக் காத்து நின்றார். ஜெயித்தது தான்தான் என்று மிமூன் சொன்னதும் ஜாட்டோபெக் தொப்பியைக் கழற்றி ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அத்தனை வருஷம் முதுகையே பார்த்தவருக்கு அன்று முகம்.

அந்த மாரத்தானில் வெள்ளி யாருக்கு? நம் யூகோஸ்லாவியா மிஹாலிச்சுக்கு. 1953ல் பாரிஸ் சேற்றில் ஜெயித்தவரும் 1956ல் பெல்பாஸ்ட்டில் ஜெயித்தவரும் மெல்பர்ன் வெயிலில் ஒன்று, இரண்டு. இனி திருவிழா ஓட்டம் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

6 மார்ச்

சாண்டோ என்ற பெயரைப் பார்த்ததும் பயில்வான் என்று நினைத்ததாக ஒருவர். எனக்கும் முதலில் பனியன்தான் ஞாபகம் வந்தது. பிராங்க் சாண்டோ, இங்கிலாந்து. 1955 சான் செபாஸ்தியான், 1957 வாரெகெம் இரண்டிலும் முதலிடம். அதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கி 10000 மீட்டரில் ஒரு ஷூ கழன்றுபோக, ஒற்றை ஷூவோடு ஓடி ஐந்தாவதாக வந்தவர்.

ஷூ என்றதும் ஜாக் ஹோல்டன். 1933, 34, 35, 39 என்று நான்கு முறை இன்டர்நேஷனல் வென்ற இங்கிலாந்துக்காரர். 1939க்குப் பிறகு போர் வந்து ஆறு வருஷம் போட்டியே இல்லை. இன்னொருவராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவர் மாரத்தானுக்குப் போனார். 1950ல் ஆக்லாந்து எம்பயர் கேம்ஸில் (இன்றைய காமன்வெல்த் போட்டி) மழையில் ஊறிய ஷூ கிழிந்து தொங்க, கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலில் ஓடினார். பாதம் ரத்தமாகிவிட்டது. போதாததற்கு வழியில் ஒரு கிரேட் டேன் நாய் பாய்ந்தது. எல்லாம் தாண்டி நாலு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசத்தில் தங்கம். அப்போது அவருக்கு வயது 42.

6 மார்ச், இரவு

“நான்கு முறை வென்றது மிமூனும் ஹோல்டனும் மட்டும்தானா?” இல்லை, பெல்ஜியத்தின் காஸ்டன் ரூலாண்ட்ஸும். 1962, 67, 69, 72. முதல் பட்டத்துக்கும் கடைசிப் பட்டத்துக்கும் நடுவே பத்து வருஷம். இடையில் 1964ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் (தடைகளைத் தாண்டி ஓடும் பந்தயம்) தங்கம் வேறு.

9 மார்ச்

நேரம் என்ன, ரெக்கார்டு என்ன என்று கேட்கிறவர்களுக்கு: இங்கே அது செல்லாது. ஹாமில்டனில் கடைசி ஏற்றம் ஏறி மூச்சு வாங்கி வந்தவனின் நேரத்தையும், வேறு வருஷம் சமதரையில் காய்ந்த புல்லில் ஓடி வந்தவனின் நேரத்தையும் பக்கத்தில் வைத்து என்ன செய்வது? மண் வேறு, காற்று வேறு, தூரமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பாதி இடங்கள் குதிரைப் பந்தய மைதானங்கள். ஹாமில்டன், ஏர், வாரெகெம், சான் செபாஸ்தியான் அருகே லசார்ட்டே. குதிரைக்காகப் பராமரிக்கிற புல்லில் மனிதர்களை ஓடவிட்டு, நடுவில் வேலி, உழுத நிலம் என்று எதையாவது சேர்த்துவிடுவார்கள். கிண்டியில் மழைக்காலத்தில் பத்து மைல் ஓடச் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் போட்டி மறந்துபோனதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு எண் இல்லை. நூறு மீட்டருக்கு ஒரு எண், மாரத்தானுக்கு ஒரு எண் இருக்கிறது. இதற்கு வெறும் இடம்தான். முதலாவது, ஏழாவது, நாற்பத்து மூன்றாவது.

9 மார்ச், பின்னிரவு

ஒலிம்பிக்கில் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். இருந்தது. 1912, 1920, 1924. கடைசியாக நடந்தது பாரிஸில், ஜூலை மாதக் கொடும் வெயிலில். 38 பேர் புறப்பட்டு 15 பேர் வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். பாவோ நூர்மி மட்டும் காலை நடை போய்விட்டு வந்தவர் போல ஸ்டேடியத்துக்குள் வந்து தங்கம் வாங்கிக்கொண்டு போனார். அதோடு ஒலிம்பிக்காரர்கள் கிராஸ் கன்ட்ரிக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். பங்குனிக் குளிருக்கு ஏற்ற விளையாட்டை ஆனி வெயிலில் வைத்தது யார் குற்றம்?

(ஐரோப்பாவில் பங்குனி குளிர்காலம்தான். அதற்கும் யாராவது திருத்தம் போடுவதற்கு முன் சொல்லிவைக்கிறேன்.)

12 மார்ச்

“முதலில் வென்ற ஆப்பிரிக்கர் மொராக்கோவின் ராடி” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராடி பென் அப்தெஸ்ஸலாம், 1960, மறுபடியும் அதே ஹாமில்டன். ஆப்பிரிக்க நாடு ஒன்றின் சட்டையைப் போட்டு வென்றவர்களில் முதல்வர் என்றால் சரி. ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர் என்றால் மிமூன் பதினோரு வருஷம் முந்திவிட்டார். அவர் போட்டிருந்தது பிரான்ஸ் சட்டை. இதில் எதைக் கணக்கில் எடுப்பது என்று முதலில் எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது, சட்டைதான் கணக்கு என்று. இப்போது அவ்வளவு தெளிவாக இல்லை. அந்தச் சட்டையை அவர் தேர்ந்தெடுத்தாரா, பிறந்தபோதே மாட்டிவிட்டார்களா? அவரிடமே கேட்டிருந்தால் நான் பிரெஞ்சுக்காரன் என்று அடித்துச் சொல்லியிருப்பார் என்பதும் உண்மை. விடுங்கள், அது வேறு இழை.

ராடியின் கதை அந்த வருஷம் செப்டம்பரில் ரோமில் தொடர்கிறது. ஒலிம்பிக் மாரத்தான், இருட்டிய பிறகு தீப்பந்த வெளிச்சத்தில் முடிகிறது. எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலில் ஓடுகிறார். மொராக்கோக்காரனைக் கவனி, 26ஆம் நம்பர் என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ராடியோ 10000 மீட்டரில் போட்ட 185ஆம் நம்பரையே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்திலேயே ஒருவன் ஓடிவர, பிகிலா அந்த 26 எங்கே, இன்னும் முன்னால் போகிறானா என்று தேடிக்கொண்டே ஓடினார். கடைசியில் பிகிலா 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. ராடி 25 விநாடி பின்னால், வெள்ளி.

அடுத்த ஒலிம்பிக், 1964 டோக்கியோ மாரத்தான் வெள்ளி இங்கிலாந்தின் பேசில் ஹீட்லிக்கு. இவர் 1961ல் நாந்த்தில் இன்டர்நேஷனல் வென்றவர். ஸ்டேடியத்துக்குள் இரண்டாவதாக வந்தது ஜப்பானின் சுபுராயா. சொந்த நாட்டு ஜனங்கள் கூவிக்கொண்டிருக்கும்போதே, கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஹீட்லி அவரைத் தாண்டிப் போனார். அந்தப் படத்தை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்ததில்லை. கடைசி வளைவில் தாண்டப்படுகிறவனின் கழுத்து திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

12 மார்ச், இரவு 11.50

மேலே அந்த வரியை எழுதிவிட்டு இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

முள் குத்தியது உண்மை. ஆனால் அது கோட்டைத் தாண்டி, பொசிஷன் கார்டை வாங்கிக்கொண்டு, ஷூவைக் கழற்றிப்போட்டு மர நிழலுக்கு நடந்தபோது குத்தியது. கடைசி முந்நூறு மீட்டரில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எங்கள் முதல் மூன்று பேர் முன்னாலேயே வந்துவிட்டதைப் பார்த்துவிட்டேன். நம் வேலை முடிந்தது, இந்த ஒருத்தன் போனால் போகட்டும் என்று விட்டேன். விட்டேன், அவ்வளவுதான். முள்ளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தது அன்று மாலை பஸ்ஸிலேயே. அதிலிருந்து இன்று வரை அது அங்கேயே இருந்தது.

14 மார்ச்

அனுதாபம் வேண்டாம், திட்டுகிறவர்கள் திட்டலாம். இழைக்குத் திரும்புவோம்.

பெண்கள் எங்கே என்று கேட்ட சகோதரிக்கு: 1930களிலேயே சில நாடுகளின் பெண்கள் தங்களுக்குள் சர்வதேசப் போட்டி நடத்தினார்கள். ஆனால் இந்த இன்டர்நேஷனலோடு சேர்த்து ஓடவிட்டது 1967ல், வேல்ஸின் பாரி ஊரில். அமெரிக்காவின் டோரிஸ் பிரவுன் வென்றார். 1971 வரை ஐந்து வருஷமும் அவரேதான். ஐந்து முறை அடுத்தடுத்து! இந்த இன்டர்நேஷனலில் ஆண்களில் ஒருவருக்கும் கிடைக்காதது. நான் நான்கு முறை, நான்கு முறை என்று ஆண்களையே எண்ணிக்கொண்டிருந்தேன். தூரம் மட்டும் பெண்களுக்கு ரொம்பக் குறைவாகத்தான் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஓடினால் பெண்களுக்கு ஆகாதாம்.

15 மார்ச்

முதல் கேள்விக்கு ஒரு கொசுறு. ஜாட்டோபெக் கிராஸ் கன்ட்ரி ஓடாதவர் இல்லை. ராணுவ பூட்ஸ் போட்டுக்கொண்டு காட்டிலும் பனியிலும் பயிற்சி எடுத்தவருக்குச் சேறு என்ன புதுசா? 1958 ஜனவரியில் சான் செபாஸ்தியானில் நடந்த ஒரு கிராஸ் கன்ட்ரிக்கு அழைப்பு வந்து போனார். பிராங்கோவின் ஸ்பெயினுக்கு ஒரு செக் ராணுவ அதிகாரி! லசார்ட்டே குதிரைப் பந்தய மைதானம். மூன்று வருஷம் முன்பு சாண்டோ இன்டர்நேஷனல் வென்ற அதே புல். ஜெயித்தார். அவர் கடைசியாக ஜெயித்த பந்தயம் அதுதான். பட்டியலில் இல்லை என்றீர்களே, மைதானத்தில் இருந்திருக்கிறார், ஐயா. மாதம்தான் தப்பு.

15 மார்ச், மாலை

1973ல் என்ன ஆனது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: உலகத் தடகள சம்மேளனம் போட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. முதல் உலக கிராஸ் கன்ட்ரி சாண்டோ வென்ற அதே வாரெகெமில் நடந்தது. பின்லாந்தின் பெக்கா பைவரின்டா வென்றார். பழைய இன்டர்நேஷனலின் கடைசிப் பட்டம், 1972 கேம்பிரிட்ஜ், ரூலாண்ட்ஸ். அதன் பிறகு கென்யாவும் எத்தியோப்பியாவும் வந்து ஆண்ட கதை உங்களுக்கே தெரியும்.

21 மார்ச்

எங்கள் பழைய கேப்டன் இந்த இழையை எப்படியோ பார்த்துவிட்டார். போன் செய்தார். பன்னிரண்டாம் தேதிக் குறிப்பைப் படித்தேன் என்றார். நான் பேசாமல் இருந்தேன். “ஒரு புள்ளியிலா தோற்றோம்? எனக்கு ஞாபகமே இல்லைடா. வரும்போது பஸ் பஞ்சராகி ரோட்டோரக் கடையில் பரோட்டா தின்றோமே, அதுதான் ஞாபகம். நீ எட்டு தின்றாய்,” என்றார்.

ஞாபகம் இருக்காதுதான். அன்றைக்கு இரண்டாவதாக வந்தவர் அவர்.

22 மார்ச்

திருத்தம். மூன்றாவதாம். மறுபடியும் போன் செய்து சொன்னார். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது மனிதருக்கு.